சர்க்கரை நோயும் கண் பார்வையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூக்குக் கண்ணாடி மாற்றும்போதெல்லாம் பார்வையைச் சோதித்துக்கொள்கிறேன். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிக்க முடிகிறது. ஆனாலும் விழித்திரைப் பரிசோதனைக்குப் போகும்படி மருத்துவர் வற்புறுத்துகிறார். அது அவசியந்தானா?

பதில்: அவசியந்தான்; அதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கடைசி வரியைப் படிக்க முடிகிறது என்றால், கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் படலமான விழித்திரையின் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு சிறு பகுதி நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அதற்கு வெளியே விரிந்து கிடக்கும் விழித்திரையைப் பற்றி எழுத்துப் பலகை எதுவும் சொல்லாது. சர்க்கரை நோயின் பாதிப்போ பெரும்பாலும் அங்கேதான் ஓசையின்றித் தொடங்குகிறது.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், விழித்திரைக்கு உணவும் பிராணவாயுவும் கொண்டுசெல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமடைகிறது. சுவர் ஆங்காங்கே சிறு கொப்புளங்களாகப் புடைக்கும். அவற்றிலிருந்து இரத்தமும் கொழுப்பு கலந்த நீரும் கசியும். அந்தக் கசிவு நடுப்பகுதியில் தேங்கி வீக்கம் உண்டாக்கினால் எழுத்துகள் மங்கும், நேர்கோடுகள் நெளிந்து தெரியும். குழாய்கள் அடைபட்டுப் பிராணவாயு குறையும்போது, விழித்திரை புதிய குழாய்களை வளர்க்கத் தூண்டும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. அப்படி முளைப்பவை உறுதியற்றவை. எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தத்தைக் கொட்டுபவை. அவற்றோடு சேர்ந்து வளரும் தழும்புத் திசு சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடுவதும் உண்டு. இவ்வளவும் வலியின்றி நடக்கக்கூடியது என்பதுதான் இந்நோயின் பெருந்தொல்லை. புதிய குழாய்கள் முளைத்த பிறகும் 'கண் நன்றாகத் தெரிகிறதே' என்று வாதாடும் நோயாளிகளைக் கண் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

பெரும்பாலும் நடுவயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கக்கூடும். ஆகவே கண்டறிந்தவுடனேயே முதல் விழித்திரைப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. நீங்கள் எட்டு ஆண்டுகளைக் கடந்துவிட்டீர்கள். உடலில் இன்சுலின் சுரப்பு அற்றுப்போகும் முதல் வகையினருக்கு நோய் தொடங்கிய ஐந்தாண்டுகளுக்குள் செய்தால் போதும். பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. பாதிப்பு தென்பட்டால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். சொட்டு மருந்தால் கண்பாவையை விரியச் செய்து பார்ப்பதால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அருகிலுள்ளவை மங்கும். அன்று வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு மருந்து தொடங்கிய இரண்டு வாரத்தில் பார்வை திடீரென மங்கிவிட்டது. புதுக் கண்ணாடி வாங்கினேன். இப்போது அதுவும் பொருந்தவில்லை. மருந்து கண்ணைக் கெடுக்கிறதா?

பதில்: மருந்தின் மேல் பழி போட வேண்டாம். இரத்தச் சர்க்கரை வேகமாக ஏறினாலும் இறங்கினாலும் கண்ணின் லென்ஸுக்குள் உள்ள நீரளவு மாறி, கண்ணாடியின் பவரும் மாறுகிறது. சர்க்கரை நிலைப்பட்டுச் சில வாரங்கள் கழிந்த பிறகு அளவெடுத்தால் பணம் வீணாகாது. ஆனால் எல்லா மங்கலையும் இக்கணக்கில் எழுதிவிடக் கூடாது. நடுப்பகுதி வீக்கமும் கண்புரையும் இதேபோல் மங்கச் செய்யும் என்பதால் விழித்திரையை ஒருமுறை காட்டிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கண்புரை சற்று இளவயதிலேயே வருவதுண்டு.

கேள்வி: என் தாயாருக்கு லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் ஊசியும் தேவை என்கிறார்கள். இழந்த பார்வை திரும்புமா? ஊசி என்றதும் அவர் அஞ்சி நடுங்குகிறார்.

பதில்: இரண்டும் வெவ்வேறு வேலைக்கு உரியவை. உறுதியற்ற புதுக்குழாய்கள் பெருகிய கண்ணில், விழித்திரையின் ஓரப் பகுதிகளில் லேசரால் சிறு சிறு புள்ளிகளாகச் சுடுவார்கள். கடும் பார்வையிழப்பு நேரும் வாய்ப்பை இது பாதிக்கு மேல் குறைக்கிறது என்பது 1970களிலேயே நிறுவப்பட்டது. இருப்பதைக் காப்பதே லேசரின் வேலை. போனதை அது மீட்டுத் தராது. இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் ஓரளவு குறையலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நடுப்பகுதி வீக்கத்துக்கான ஊசி மருந்தோ, புதுக்குழாய்களைத் தூண்டும் அந்த வேதிப்பொருளைத் தடுப்பது. வீக்கம் வற்றினால் பலருக்குப் பார்வை மேம்படவும் செய்கிறது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்ட பிறகே போடுவார்கள். ஓர் அழுத்தம் தெரியும், அவ்வளவே. ஆனால் ஒரே ஊசியோடு முடியாது: முதலில் மாதந்தோறும், பிறகு கண்ணின் நிலைக்கேற்ப இடைவெளி விட்டுத் தொடர வேண்டியிருக்கும். நன்றாகத் தெரியத் தொடங்கியதும் நடுவில் நிறுத்திவிடுபவர்களுக்கே வீக்கம் மீண்டும் வந்து துன்பம் தருகிறது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி மிகுந்து, கண் சிவந்து, பார்வை குறைந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அரிதாக ஏற்படும் கிருமித் தொற்றாக அது இருக்கலாம்.

இதேபோல், கரும்புள்ளிகள் திடீரெனப் பொழிவதுபோல் தெரிந்தாலும், திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: சர்க்கரையைக் கட்டுப்படுத்தினாலே கண் தப்பிவிடுமா?

பதில்: பெருமளவுக்குத் தப்பும். 1993இல் வெளியான ஆய்வொன்றில், முதல் வகை நோயாளிகளில் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. பெரும்பாலானோருக்கு மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அளவு 7 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. உங்கள் இலக்கை மருத்துவர் வகுப்பார். இரத்த அழுத்தத்தைக் கண்காணிப்பதும் புகைப்பழக்கத்தைக் கைவிடுவதும் இதற்கு இணையாகவே முக்கியம். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கும்போது, ஏற்கெனவே பாதிப்புள்ள விழித்திரை சில மாதங்களுக்கு மோசமாகலாம். அதற்காகக் கட்டுப்பாட்டைக் கைவிடாமல், அக்காலத்தில் கண்ணை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயோடு கருவுறும் பெண்களுக்கும் விழித்திரைப் பாதிப்பு விரைந்து முற்றலாம். அவர்கள் கருத்தரிக்கும் முன்போ, முதல் மூன்று மாதங்களுக்குள்ளோ பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.