ரெஜிமென்ட் போருக்குப் போவதில்லை
வாசகர் கேள்வி – பதில்: இந்திய ராணுவம்

கேள்வி: செக்‌ஷன், பிளாட்டூன், கம்பெனி, பட்டாலியன், பிரிகேட் என்று செய்திகளில் வருகிறதே, எதற்குள் எது? எத்தனை பேர்? (தேனி வாசகர்)

கீழேயிருந்து ஏறுங்கள். 10 பேர் ஒரு செக்‌ஷன். ஹவில்தாரோ நாயக்கோ அதன் தலைவர். மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன். அதை நடத்துபவர் சுபேதார் அல்லது நாயப் சுபேதார், சில இடங்களில் இளம் லெப்டினென்ட். மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி. தலைமை அணிகளின் ஆட்களையும் சேர்த்து ஏறத்தாழ 120 பேர், பொறுப்பு மேஜரிடம். நான்கு ரைஃபிள் கம்பெனிகளோடு, மோர்ட்டாரும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும் வைத்திருக்கும் சப்போர்ட் கம்பெனியும் நிர்வாகத்துக்கான தலைமையகக் கம்பெனியும் சேர்ந்தால் பட்டாலியன். சுமார் 800 பேர். இன்று இதன் சிஓ (கமாண்டிங் ஆபீசர்) கர்னல். 1971 போரைப் பற்றிப் படிக்கும்போது சிஓக்கள் எல்லாரும் லெப்டினென்ட் கர்னலாக இருப்பார்கள். 2004க்குப் பிறகு வந்த பதவி உயர்வுச் சீர்திருத்தத்தில்தான் அந்த நாற்காலி ஒரு படி உயர்ந்தது.

பட்டாலியனுக்கென்று பீரங்கி கிடையாது, டாங்கி கிடையாது. அதனால் அது தனியாகப் பெரிய சண்டையில் இறங்காது. பெரும்பாலும் மூன்று பட்டாலியன்கள் ஒரு பிரிகேடியரின் கீழ் பிரிகேட் ஆகின்றன. மூன்று நான்கு பிரிகேடுகளோடு பீரங்கி, பொறியியல், சிக்னல் பிரிவுகளையும் சேர்த்தால் டிவிஷன். தலைமை மேஜர் ஜெனரல். டிவிஷன்கள் சேர்ந்து கோர். தலைமை லெப்டினென்ட் ஜெனரல். அதற்கு மேல் கமாண்ட். தரைப்படைக்கு ஏழு கமாண்டுகள்: உதம்பூர், சண்டிமந்திர், ஜெய்ப்பூர், லக்னோ, கொல்கத்தா, புனே, பயிற்சிக்கு மட்டும் சிம்லா.

எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விடுப்பு, பயிற்சி வகுப்பு, மருத்துவமனை, முகாம் காவல் எல்லாம் போக, காகிதத்தில் 120 இருக்கும் கம்பெனி களத்தில் ஒருபோதும் 120 இருக்காது. பிரிகேடுக்கு மேலே கணக்கு இன்னும் நெகிழும். மலையில் நிற்கும் டிவிஷனும் பாலைவனத்தில் நிற்கும் டிவிஷனும் ஒரே அளவு அல்ல.

கேள்வி: இந்த ஏணியில் ரெஜிமென்ட் எங்கே வருகிறது? (விருதுநகர் மாணவி)

எங்குமே வராது. மெட்ராஸ் ரெஜிமென்ட், சீக்கிய ரெஜிமென்ட், குமாவ்ன் ரெஜிமென்ட் என்பவையெல்லாம் போர் அமைப்புகளே அல்ல. ரெஜிமென்ட் ஒரு சிப்பாய்க்குப் பிறந்த வீடு. பிரிகேட் அவர் குடியிருக்கும் வாடகை வீடு. ஆளுக்குப் பயிற்சி தருவது, தொப்பிச் சின்னமும் போர் முழக்கமும் தருவது, பழைய போர்களின் கௌரவங்களைக் காப்பது ரெஜிமென்டின் வேலை. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு இவை நீலகிரியின் வெலிங்டன் மையத்தில் நடக்கின்றன. பயிற்சி முடிந்து ஒரு பட்டாலியனுக்குப் போனபின் சிப்பாய்க்கு உத்தரவு வருவது பிரிகேட், டிவிஷன் வழியாகத்தான். வெலிங்டனில் இருக்கும் பிரிகேடியர் எந்தப் போர் உத்தரவும் தர முடியாது. ‘கர்னல் ஆஃப் த ரெஜிமென்ட்’ என்ற பட்டமும் கௌரவப் பொறுப்பே. அதை வகிப்பவர் பெரும்பாலும் கர்னலாக இருக்கமாட்டார், லெப்டினென்ட் ஜெனரலாக இருப்பார்.

ஒரே ரெஜிமென்டின் பட்டாலியன்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதும் அபூர்வம். ஒன்று காஷ்மீரில், இன்னொன்று ராஜஸ்தானில், மூன்றாவது அருணாசலத்தில். சில ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறும். கூடவே பிரிகேடும் மாறும். ஆகவே ‘மெட்ராஸ் ரெஜிமென்ட் தாக்கியது’ என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. எந்த பட்டாலியன், எந்த பிரிகேடின் கீழ் என்று கேளுங்கள். ‘4 மெட்ராஸ்’ என்றால் அந்த ரெஜிமென்டின் நான்காவது பட்டாலியன். ‘1/11 கூர்க்கா ரைஃபிள்ஸ்’ என்றால் 11ஆம் கூர்க்காவின் முதல் பட்டாலியன். கார்கிலில் உயிர்கொடுத்துப் பரம் வீர் சக்ரா பெற்ற மனோஜ் குமார் பாண்டே அதைச் சேர்ந்தவர்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டாங்கிப் படையிலும் பீரங்கிப் படையிலும் ரெஜிமென்ட் என்பது பட்டாலியன் அளவிலான உண்மையான போர் அலகு. டாங்கி ரெஜிமென்டில் 45 டாங்கிகள்: 14 வீதம் மூன்று ஸ்குவாட்ரன், தலைமையகத்துக்கு 3. பீரங்கி ரெஜிமென்டில் வழக்கமாக 18 பீரங்கிகள், ஆறு வீதம் மூன்று பேட்டரி. காலாட்படை ரெஜிமென்டையும் இதையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம்.

கேள்வி: மேஜர் முகுந்த் வரதராஜனை ராஜ்புத் ரெஜிமென்ட் என்கிறார்கள், 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் என்றும் எழுதுகிறார்கள். எது சரி? (தாம்பரம் வாசகர்)

இரண்டும் சரி. அவர் அதிகாரியாகச் சேர்ந்தது ராஜ்புத் ரெஜிமென்டின் 22ஆம் பட்டாலியனில். 2014 ஏப்ரலில் ஷோபியானில் வீரமரணம் அடைந்தபோது பணியாற்றியது 44 ஆர்ஆரில். ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் 1990இல் தொடங்கப்பட்ட கிளர்ச்சி ஒடுக்கும் படை. நேரடியாக ஆள் எடுப்பதில்லை. ஒவ்வொரு ஆர்ஆர் பட்டாலியனும் ஒரு தாய் ரெஜிமென்டோடு பிணைக்கப்பட்டது. ஏறக்குறைய பாதிப்பேர் அதிலிருந்தும், மீதிப்பேர் பீரங்கி, சிக்னல், பொறியியல் போன்ற பிரிவுகளிலிருந்தும் சில ஆண்டுகளுக்கு வந்து போவார்கள். 44 ஆர்ஆரின் தாய்வீடு ராஜ்புத். இங்கே பிரிகேடுக்குப் பதில் ‘செக்டார்’, டிவிஷனுக்குப் பதில் ‘ஃபோர்ஸ்’; ஷோபியான் பகுதி விக்டர் ஃபோர்ஸின் பொறுப்பு.

கேள்வி: தமிழர்கள் மெட்ராஸ் ரெஜிமென்டில்தான் சேர முடியுமா? அது உண்மையிலேயே மிகப் பழையதா? (நாகர்கோவில் வாசகர்)

அதிகாரிக்கு அந்தக் கட்டு கிடையாது. 1987இல் இலங்கையில் உயிர்நீத்துப் பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 8 மஹாரைச் சேர்ந்தவர். சிப்பாய்க்கு, காலாட்படையில் சேர்ந்தால் மெட்ராஸ் ரெஜிமென்டுக்கே வாய்ப்பு அதிகம். அங்கே தென் மாநிலத்தார் எல்லாரும் கலந்திருப்பார்கள். 1949இல் தொடங்கிய கார்ட்ஸ் போல எல்லா மாநிலத்தாரையும் எடுக்கும் ரெஜிமென்டுகளும் உண்டு. சிக்னல், பீரங்கி, சப்ளை, மருத்துவப் பிரிவுகள் வேறு. பெங்களூரில் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் இருக்கிறது. 1780இல் தொடங்கியது, அதன் வீரர்களை ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறது.

மெட்ராஸ் ரெஜிமென்டின் வயது 1758இல் தொடங்குகிறது, ஆனால் நடுவே ஒரு பெரிய வெட்டு விழுந்தது. 1880களில் மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர் சண்டைக்கு லாயக்கில்லை, பஞ்சாபியரும் கூர்க்காக்களுமே போர் இனம் என்ற கருத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். அதன் விளைவு விசித்திரமானது. பல மதராஸ் பட்டாலியன்களின் எண்ணையும் வரலாற்றையும் வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் பஞ்சாபியராக மாற்றினார்கள். 1759இல் திருச்சிராப்பள்ளியில் திரட்டப்பட்ட கடற்கரைச் சிப்பாய்ப் பட்டாலியன் 62ஆம் பஞ்சாபி ஆனது. பிரிவினையில் அது பாகிஸ்தானுக்குப் போய் இன்றும் அங்குள்ள பஞ்சாப் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனாக இருக்கிறது! மிஞ்சியிருந்த மதராஸ் பட்டாலியன்களும் 1928க்குள் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாமல் போனதும் ‘போர் இனம்’ பேச்சு அடங்கியது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது. பிறகு திருவிதாங்கூரின் நாயர் படையும் அதில் சேர்ந்தது. அதன் வழிவந்த 9 மெட்ராஸ், 1704 வரை கணக்குச் சொல்லும்.

கேள்வி: தோளில் உள்ள நட்சத்திரத்தை வைத்துப் பதவியைக் கண்டுபிடிப்பது எப்படி? (கோவை வாசகர்)

நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன் பட்டையைப் பாருங்கள். சிவப்பு–மஞ்சள்–சிவப்புப் பட்டை இருந்தால் அவர் ஜேசிஓ, அதாவது சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் நடுவே இருப்பவர். பட்டையோடு ஒரு நட்சத்திரம் நாயப் சுபேதார், இரண்டு என்றால் சுபேதார், சிங்கச் சின்னம் என்றால் சுபேதார் மேஜர். பட்டை இல்லாமல் இரண்டு நட்சத்திரம் லெப்டினென்ட், மூன்று கேப்டன், சிங்கம் மட்டும் மேஜர். சிங்கத்தோடு ஒரு நட்சத்திரம் லெப்டினென்ட் கர்னல், இரண்டு கர்னல், மூன்று பிரிகேடியர். குறுக்காக வாளும் கோலும் தெரிந்தால் ஜெனரல் வகை. செகண்ட் லெப்டினென்ட் பதவி இப்போது இல்லாததால் சிங்கம் இல்லாமல் ஒற்றை நட்சத்திரம் என்றாலே நாயப் சுபேதார்தான்.

25 ஆண்டு அனுபவமுள்ள சுபேதார், நேற்று வந்த லெப்டினென்டுக்கு சல்யூட் அடிப்பது பலருக்கு உறுத்தும். இது வெள்ளையர் காலத்து ஏற்பாடு. இந்தியரை அதிகாரியாக்க மனமில்லாமல், இந்தியச் சிப்பாய்களை மட்டும் அதட்டும் அதிகாரத்தோடு ‘வைஸ்ராயின் கமிஷன்’ என்று ஒரு நடுப்படியை வைத்திருந்தார்கள். அதுதான் பெயர் மாறி ஜேசிஓ ஆனது. ஏன் இன்னும் நீடிக்கிறது என்றால், சிப்பாயின் மொழியும் வீட்டுக் கவலையும் தெரிந்த ஒருவர் நடுவில் இல்லாமல் பட்டாலியன் ஓடாது.

கேள்வி: கேப்டன் பெரியவரா, மேஜர் பெரியவரா? (புதுச்சேரி வாசகர்)

தரைப்படையில் மேஜர். ஆனால் கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்கும் விமானப்படை குரூப் கேப்டனுக்கும் சமம். கௌரவ குரூப் கேப்டன் சச்சின், கௌரவ லெப்டினென்ட் கர்னல் தோனியைவிட ஒரு படி மேல்.

கேள்வி: சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் ராணுவம்தானே? (அரியலூர் வாசகர்)

இல்லை. இரண்டும் உள்துறை அமைச்சகத்தின் மத்திய ஆயுதக் காவல் படைகள்; ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். முன்னாள் படைவீரர் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் அலைகிறார்கள். அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் மட்டும் இரட்டைப் பிள்ளை: நிர்வாகம் உள்துறை, களத்தில் கட்டளை ராணுவம்.

கேள்வி: முப்படைத் தலைமைத் தளபதி வந்த பிறகு மூன்று தளபதிகளும் அவர் சொல்படிதான் போர் நடத்துவார்களா? (மதுரை வாசகர்)

அப்படி அல்ல. உச்சத் தளபதி குடியரசுத் தலைவர், முடிவெடுப்பது அமைச்சரவை. 1947இலேயே மூன்று படைக்கும் தனித்தனித் தலைவர்கள் வந்துவிட்டார்கள்; அவர்களுக்கிருந்த பழைய கமாண்டர்-இன்-சீஃப் பட்டம் 1955இல் ஒழிக்கப்பட்டது. கே. சுப்பிரமணியம் தலைமையில் நடந்த கார்கில் ஆய்வுக்குப் பின் 2001இல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்த கூட்டுத் தலைமைப் பதவி, 2020 ஜனவரி 1 அன்று பிபின் ராவத் பொறுப்பேற்றபோதுதான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதவியில் இருப்பவரும் மூன்று படைத் தளபதிகளைப் போல நான்கு நட்சத்திர அதிகாரிதான். கூட்டுத் திட்டம், கொள்முதல், அரசுக்கு ஆலோசனை அவர் வேலை. போர்க்களக் கட்டளை அதில் இல்லை.

பிரச்சினை எங்கே என்றால் வரைபடத்தில். கிழக்கு எல்லைக்குத் தரைப்படைத் தலைமையகம் கொல்கத்தாவில், விமானப்படைக்கு ஷில்லாங்கில், கடற்படைக்கு விசாகப்பட்டினத்தில். இப்படி மூன்று படைக்கும் சேர்த்து 17 கமாண்டுகள். முப்படையும் ஒரே தலைமையில் இயங்கும் வட்டார கமாண்ட் என்றால் 2001இல் அந்தமானில் அமைத்ததுதான். சட்டமும் தடையாக இருந்தது: ராணுவச் சட்டமும் விமானப்படைச் சட்டமும் 1950இல், கடற்படைச் சட்டம் 1957இல் தனித்தனியாக வந்தவை. கூட்டு அமைப்பின் தலைவர் கடற்படை அதிகாரியாக இருந்தால், தன் கீழ் வேலை செய்யும் தரைப்படைச் சிப்பாய் தவறு செய்தாலும் தண்டிக்க முடியாமல் இருந்தது. அந்தச் சிப்பாயை அவருடைய படைக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டம் அந்த அதிகாரத்தைக் கூட்டு அமைப்புகளின் தலைவர்களுக்குத் தந்தது.