கதைசொல்லிகள் அதிகமாகி உங்களை ஏமாற்றிய இளையோர் ஃபேன்டஸி நாவல் ஏதாவது உண்டா?

உண்டு. போன மாதம்தான் முடித்தேன். எழுதியவருக்கு அது முதல் நாவல் என்பதால் பெயர் வேண்டாம். அலைகளோடு பேசத் தெரிந்த ஒரு படகோட்டிப் பெண், அவளைத் தேடி வரும் படை. முதல் இரண்டு அத்தியாயங்களில் தூக்கமே போய்விட்டது. மூன்றாவதில் இளவரசன் பேச ஆரம்பித்தான். அப்புறம் அவன் தங்கை, தளபதி, ஒரு மந்திரக்காரி என்று 400 பக்கத்துக்குள் ஏழு பேர். எல்லோரும் ‘நான்’ என்றே பேசுகிறார்கள்.

ஏழு பேர் என்பதே குறை இல்லை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ (1996), முன்கதையை விட்டுவிட்டால், எட்டுப் பேரின் பார்வையில் நகர்கிறது. ஆனால் டெனேரிஸ் தவிர மற்ற ஏழு பேரையும் ஆரம்பத்திலேயே வின்டர்ஃபெல் கோட்டையில் பார்த்துவிடுகிறோம். யாருக்கு யார் என்ன உறவு, யாருக்கு யாரைப் பிடிக்காது என்று மனதில் பதிந்த பிறகுதான் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். நான் படித்ததில் பாதிப் புத்தகம் வரை யாரும் யாரையும் சந்திப்பதே இல்லை.

குரலும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஓர் அத்தியாயம் ‘கயிறு கையை அறுத்தது’ என்று தொடங்கியது. படகில்தான் இருக்கிறோம் என்று நினைத்து ஒரு பக்கம் போய்விட்டேன். பார்த்தால் அரண்மனை மாடத்திலிருந்து இளவரசி இறங்கிக்கொண்டிருக்கிறாள். வாழ்நாளில் கயிற்றையே தொடாதவள் கயிற்றைப் பிடிப்பதும், தினமும் பிடிப்பவள் பிடிப்பதும் ஒன்றா?

எனக்குக் கோபமே வந்தது தளபதி விஷயத்தில். அவன்தான் துரோகி என்று கடைசியில் தெரிகிறது. அதுவரை ஆறு அத்தியாயங்கள் அவன் மனதுக்குள்ளேயே இருந்திருக்கிறோம். எதிரிக்குச் சேதி அனுப்பியதை அவன் ஒருமுறைகூட நினைக்கவில்லை. கதைசொல்லி பொய் சொல்லலாம், ஆனால் திரும்பிப் படிக்கும்போது எங்கேயாவது அவன் வாய் தடுமாறியது தெரிய வேண்டும். ஆறையும் திரும்பப் படித்துப் பார்த்தேன், ஒரு தடயமும் இல்லை. அவனை முழுசாக நம்பிய இளவரசன் வழியாகவே அந்தப் பகுதியைச் சொல்லியிருந்தால் துரோகம் நமக்கும் வலித்திருக்கும்.

மனசு கேட்காமல், அப்புறம் படகோட்டிப் பெண்ணின் அத்தியாயங்களை மட்டும் வரிசையாகப் படித்தேன். மொத்தம் பதினொன்று. அவ்வளவு அழகாக ஒட்டி நிற்கின்றன. ஓர் இடத்தில் மட்டும் பெரிய ஓட்டை. அவள் தம்பி அவள் மடியில்தான் சாகிறான். அந்தக் காட்சியை மந்திரக்காரிக்குக் கொடுத்துவிட்டார்கள், அவள் தூரத்தில் கரையில் நின்று பார்க்கிறாள். அடுத்து நாம் அக்காவிடம் வரும்போது மூன்று நாள் கடந்துவிட்டது, அவள் உடைந்த துடுப்பைச் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த மூன்று நாளைத்தான் நான் படிக்க நினைத்தேன்.