டேபஸ்ட்ரி நெசவு என்றால் என்ன? கண்காட்சியிலும் வகுப்பிலும் அதை எப்படிப் புரியவைப்பது?

டேபஸ்ட்ரி என்பது நெய்யும்போதே படம் உருவாகும் துணி. குடியாத்தம் லுங்கியில் ஊடை, அதாவது குறுக்கே போகும் நூல், ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடும். இதிலோ ஒவ்வொரு நிற ஊடையும் தன் இடத்துக்குள்ளேயே போய்த் திரும்பும், வரப்பு வந்ததும் திரும்புகிற ஏர்மாடு போல. ஊடையை நெருக்கித் தட்டுவதால், நீளவாக்கில் கட்டிய பாவு நூல் மறைந்துவிடும். தெரிவதெல்லாம் ஊடையின் நிறம்தான்.

வேலூரில் கண்காட்சி வைத்தால், முடித்த படத்துக்குப் பக்கத்தில் பாதி நெய்த சட்டம் ஒன்றையும் வையுங்கள். பாதி விளக்கம் சொல்லாமலே புரிந்துவிடும்.

புதிதாகக் கற்பவருக்குத் தறி வேண்டாம், ஆணி அடித்த மரச்சட்டமே போதும். அநேகமாக எல்லோரும் முதலில் நூலை இறுக்கி இழுப்பார்கள். ஓரம் உள்வாங்கி, துணி நடுவில் ஒடுங்கிவிடும். ஊடையை வளைவாகத் தளர விட்டு, அப்புறம் சீப்பால் தட்டச் சொல்லுங்கள்.

பலர் இதை எம்பிராய்டரி என்று நினைக்கிறார்கள். எம்பிராய்டரியைப் பிரித்தால் துணி மிஞ்சும், இதில் படத்தை உருவினால் வெறும் பாவு நூல்தான் மிஞ்சும்.