பால் திரிந்தால் பேயா?

கேள்வி: 'யாவரும் நலம்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். ஆஹா ஓஹோ என்றார்கள், எனக்குப் பயமே வரவில்லை. மறுநாள் காலையில் அடுப்பில் பால் திரிந்ததும் ஒரு நொடி திக்கென்றது, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பில்டப்?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: படம் வந்தது 2009-ல். உங்கள் வீட்டுப் பால் திரிந்தது இப்போது. இத்தனை வருஷம் கழித்தும் உங்களை அடுப்படியில் திடுக்கிட வைத்திருக்கிறது. அதைப் போய் 'அவ்வளவுதான்' என்கிறீர்களே!

நம் பேய்களுக்குப் பாழடைந்த பங்களா வேண்டும், ஊளையிட நாய் வேண்டும், அமாவாசை வேண்டும். இயக்குநர் விக்ரம் குமார் பேயைக் கொண்டுபோய் 13-வது மாடி ஃப்ளாட்டில் குடிவைத்தார். அதுவும் பட்டப்பகலில், மதியம் 1 மணி சீரியலுக்குள். சீரியல் குடும்பத்துக்கு என்ன நடக்கிறதோ அது மாதவன் வீட்டிலும் நடக்கிறது. 'கோலங்கள்' ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சீரியல் நேரத்தில் காலிங் பெல் அடித்தால் யாரும் எழுந்து வராத ஊரில், அந்தச் சீரியலே சூனியம் வைத்தால் எங்கே போய் முறையிடுவது? லிஃப்ட் ஊருக்கெல்லாம் ஓடும், மாதவன் தனியாக ஏறினால் அசையாது. வீட்டுக்குள் செல்போனில் படம் எடுத்தால் அவர் முகம் கோணிக்கொள்ளும். அந்த வீட்டில் மட்டும் பால் திரியும். இதில் எதற்கும் வெள்ளைப் புடவை தேவைப்படவில்லை.

உங்கள் புகாரிலும் பாதி நியாயம் இருக்கிறது. இவ்வளவு நல்ல யோசனைகளைக் கையில் வைத்துக்கொண்டு, படத்துக்கே அவற்றின் மேல் நம்பிக்கை போதவில்லை. பேசாமல் இருந்தாலே வயிற்றைக் கலக்கும் இடத்தில் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். முதல் தடவை தூக்கிவாரிப் போடும், மூன்றாவது தடவை கை தானாக ரிமோட்டைத் தேடும். இடைவேளைக்கு அப்புறம் கதை துப்பறியக் கிளம்பிவிடுகிறது. எதனால், யாரால் என்று பழைய கணக்கெல்லாம் வரிசையாக வெளியே வர, பயம் மெல்லக் கழன்றுகொள்கிறது. எனக்கு அந்த லிஃப்ட் போதும். ஃப்ளாஷ்பேக்கைப் பாதியாக வெட்டியிருக்கலாம்.

பால் விஷயத்தில் மட்டும் படத்தின் மேல் பழி போடாதீர்கள். சென்னை வெயிலுக்கு ராத்திரி முழுக்க கரண்ட் போனால் ஃப்ரிட்ஜில் இருக்கும் பாக்கெட்டே கெட்டுவிடும். எதற்கும் கீழ்வீட்டில் விசாரியுங்கள். அன்றைக்கு அங்கே பால் திரியவில்லை என்றால் உடனே எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.