மக்னீசியம் என்றால் என்ன? அது எதற்கெல்லாம் பயன்படுகிறது?

பெங்களூரில் 14 ஆண்டுகளாக கீசர் பழுது பார்க்கிறேன். வாரத்தில் நான்கைந்து நாளாவது மக்னீசியத்தைக் கையில் தொடுகிறவன் என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஆசை.

கீசரின் அடிமூடியைக் கழற்றினால் ஹீட்டிங் காயிலுக்குப் பக்கத்தில் விரல் பருமனில் ஒரு தண்டு நிற்கும். அதுதான் மக்னீசியம். கடையில் ஆனோடு ராடு என்று கேட்டால் தருவார்கள். புதுத் தண்டைக் கையில் வாங்கினால் எடையே தெரியாது. அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இரும்பில் கால் பங்குக்கும் குறைவுதான் இதன் எடை. லேப்டாப் கூடு, கேமரா உடல், ஹெலிகாப்டர் கியர் பெட்டி என்று எடை குறைய வேண்டிய இடங்களில் இதன் கலப்புலோகத்தைத் தேடுவது அதனால்தான்.

போன மாதம் வைட்ஃபீல்டு பக்கம் ஒரு வீட்டில் மூடியைக் கழற்றினேன். தண்டு இருந்த இடத்தில் மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் நின்றது. அதில் சாம்பல் நிறத்தில் நாலு துணுக்கு ஒட்டியிருந்தது. மாட்டி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே போர்வெல் தண்ணீர், கோடையில் டேங்கர் தண்ணீர். வீட்டு அம்மா பதறிப்போய், "மட்டமான சரக்கப் போட்டு ஏமாத்திட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். "இல்லைங்கக்கா, அது கரைஞ்சதாலதான் உங்க டேங்க் ஓட்டை விழாம இருக்கு" என்றேன்.

விஷயம் இதுதான். மக்னீசியத்தின் அணு எண் 12. வெளிக்கூட்டில் இருக்கும் 2 எலக்ட்ரான்களை யாரிடமாவது கொடுத்துவிடத் துடிக்கும் உலோகம் அது. இரும்புக்கு அந்த அவசரம் குறைவு. இரண்டையும் ஒன்றாக இணைத்துத் தண்ணீரில் வைத்தால் அரிப்பு முழுவதும் மக்னீசியத்தின் மேல் விழும், இரும்பு தப்பிக்கும். மண்ணுக்குள் போகும் இரும்புக் குழாய்களுக்கும் இதே வைத்தியம்தான்.

இந்த அவசரத்தால்தான் மக்னீசியம் பூமியில் எங்கும் தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரம் செலுத்தித்தான் முதலில் பிரித்தெடுத்தார். பெயர் கிரேக்க நாட்டு மக்னீசியா என்ற பகுதியிலிருந்து வந்தது. மாங்கனீசுக்கும் அதே வேர் என்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. தமிழில் வெளிமம் என்று ஒரு நல்ல பெயரும் உண்டு.

பள்ளியில் மக்னீசிய நாடாவை எரித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? எங்கள் அறிவியல் சார் உப்புத்தாளால் நாடாவைத் தேய்த்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். "நேரா பார்க்காதீங்கடா" என்று அவர் சொல்வதற்குள் வகுப்பே வெள்ளையாகிவிட்டது. பீன்யாவில் லேத் ஓட்டும் நண்பன் ஒருவன் இதன் ஆபத்தை நேரில் பார்த்தவன். மக்னீசியச் சுருள் குவியலில் தீப்பிடித்தபோது யாரோ அவசரத்தில் தண்ணீரை ஊற்ற, தீ குபீரென்று எழும்பிவிட்டது. எரியும் மக்னீசியம் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அடித்தாலும் அதிலேயே எரியும். ஈரமில்லாத மணலைப் போட்டு மூட வேண்டும், அல்லது உலோகத் தீக்கென்றே உள்ள பொடி வேண்டும்.

எரிந்த பிறகு மிஞ்சும் வெள்ளைச் சாம்பல் மக்னீசியம் ஆக்சைடு. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டதால் அது சாந்தமாகிவிடுகிறது. உருக வேண்டுமென்றால் 2,800 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால் எஃகு உலைகளின் உள்சுவர்ச் செங்கல் செய்ய அதையே பயன்படுத்துகிறார்கள். அந்தச் செங்கலுக்கான வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், எங்கள் சேலத்தில் கிடைக்கிறது. பெங்களூரிலிருந்து ஊருக்கு ரயிலில் போகும்போது சேலத்துக்குச் சற்று முன்னால் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு நிலையம் வரும். அந்தப் பலகையைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

அப்புறம், இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நடுவில் இருப்பது ஒரு மக்னீசிய அணுதான். மாடித் தோட்டத்தில் அடி இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவெல்லாம் மஞ்சளடித்தால், பெரும்பாலும் இதன் குறைதான். மக்னீசியம் சல்பேட்டான எப்சம் உப்பைக் கரைத்துத் தெளிப்பார்கள். நம் உடம்பிலும் 25 கிராம் போல உண்டு, பாதிக்கு மேல் எலும்பில். கேழ்வரகு, கீரை, பருப்பு சாப்பிட்டாலே ஓரளவு கிடைத்துவிடும். மாத்திரை வாங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

சரி, இவ்வளவு படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கீசர் சர்வீஸுக்கு ஆள் வந்தால் அந்தத் தண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதிது மாட்டிவிடுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்.