ஸ்கூலை மாத்துவீங்க, தெருமுனைக் கடையை?

கேள்வி: பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஸ்கூல்ல புகையிலை பத்தி ஏதோ சர்வே எடுத்தாங்களாம். 'ஃப்ரெண்டு சிகரெட் குடுத்தா பிடிப்பியா'ங்கிற கேள்விக்கு 'கண்டிப்பா மாட்டேன்'னு போடாம 'அநேகமா மாட்டேன்'னு டிக் அடிச்சேன்னு அவனே வந்து சொல்றான். ரொம்ப நேர்மையான பையன், அப்பாவுக்கு சிகரெட் வாங்கப் போனாக்கூட மிச்சக் காசை ஒரு ரூபா குறையாம கொண்டு வந்து குடுப்பான். சேர்க்கைதான் சரியில்லைனு நினைக்கிறேன். அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பாக்கலாமா, இல்ல ஸ்கூலையே மாத்திடலாமா?
- ஒரு அம்மா, ஈரோடு

பதில்: என்னமோ கொத்தமல்லி வாங்கப் போன மாதிரி 'சிகரெட் வாங்கப் போனாக்கூட'னு போற போக்குல எழுதிட்டீங்க, எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போகவே முடியலம்மா. ஒன்பதாவது படிக்கிற புள்ள கையில காசைத் திணிச்சு சிகரெட் வாங்கிட்டு வாடானு அனுப்புறது யாரு, அவன் ஃப்ரெண்டா? 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு விக்கவே கூடாதுனு 2003-லயே சட்டம் வந்தாச்சு, 2015 சிறார் நீதிச் சட்டத்துல 77-வது பிரிவுனு ஒண்ணு இருக்கு, புள்ளைங்களுக்கு புகையிலை குடுத்தாலோ குடுக்க வெச்சாலோ 7 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். கடைக்காரர் அப்பாவுக்குத்தானேனு எடுத்து நீட்டுவாரு. நாளைக்கு இவன் தனக்கே வாங்கினாலும் அப்படித்தான் நீட்டுவாரு, யாருக்குனு கேக்கற பழக்கம் எப்பவோ போயிருக்கும்.

சர்வே விஷயத்துல உங்க பயம் நியாயம்தான். 13லேருந்து 15 வயசுப் பசங்ககிட்ட 1999லேருந்து பல நாட்டுல இப்படி எடுக்கறாங்க, நம்ம நாட்டுல 2019ல எடுத்தப்ப 100-க்கு 8.5 பேர் ஏதாவது ஒரு புகையிலையைத் தொடுற பசங்க. 'கண்டிப்பா மாட்டேன்' தவிர எதை டிக் அடிச்சாலும் யாராவது குடுத்தா பிடிச்சிடுவான்னுதான் கணக்கு வெப்பாங்க, அமெரிக்காவுல 4 வருஷம் பசங்களைத் தொடர்ந்து பாத்து 1996லயே இதை எழுதிட்டாங்க, அப்படி இழுவையா பதில் சொன்ன பசங்கதான் பின்னாடி அதிகமா ஆரம்பிச்சாங்க.

ஆனா பேப்பரைக் கேட்டு போய் நிக்காதீங்க. அதுல பேரே இருக்காது. பேரு போடச் சொன்னா அத்தனை புள்ளையும் நல்ல புள்ளையா எழுதி வெச்சிடும்னு தெரிஞ்சுதான் அப்படி எடுக்கறாங்க. இவன் அதையும் மீறி வீட்ல வந்து உங்ககிட்ட உண்மையைச் சொல்லியிருக்கான், மிச்சக் காசை எண்ணிக் குடுக்கற அதே புத்திதான், அது உங்களுக்குத் தெரியல பாருங்க. இதுக்குத் திட்டி ஸ்கூலையும் மாத்துனீங்கன்னா அடுத்த தடவை 'கண்டிப்பா மாட்டேன்'னு போட்டுட்டு வருவான், நீங்களும் நிம்மதியா தூங்குவீங்க.

லெட்டர் பூரா ஊரான் புள்ளைங்க மேல பழி, வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. சண்டை வேணாம்னு வாயை மூடிக்கறதை நம்ம வீடுகள்ல பொறுமைனு சொல்லிப் பழகிட்டோம், புள்ள விஷயத்துல அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். புள்ளையைப் பெத்தவர் தன் பழக்கத்துக்கு அந்தப் புள்ளையையே எடுபிடியா வெச்சுக்கறது கேவலம், இதை அவர்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க, நான் சொன்னேன்னே சொல்லுங்க. கடைக்காரர்கிட்டயும் நீங்களே நேர்ல போய், பையன் வந்தா குடுக்காதீங்கனு சொல்லிடுங்க. உங்க வீட்டுக்காரருக்கு சிகரெட்டை விடணும்னு தோணுச்சுன்னா 1800-11-2356, விடறதுக்கு உதவி பண்ற இலவச நம்பர். அதையாவது அவரே டயல் பண்ணட்டும்.