மோர்ட்கேஜ் (வீட்டை ஈடு வைத்த கடன்) ‘செல்லாது’ என்று கடிதம் எழுதினால் வீடு தப்புமா? கேள்வி பதில்

திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு.

கேள்வி: அண்ணா, மூன்று தவணை கட்டவில்லை. வங்கிக்குப் பதிவுத் தபாலில் மூன்று நோட்டீஸ் அனுப்பி, அவர்கள் சத்தியக் கடதாசியோடு பதில் தராவிட்டால் கடன் ஒழிந்துவிடுமாம். ஒருவர் அவற்றை எழுதித்தரக் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒருவர் பேசாமல் இருந்தார் என்பதற்காக அவர் சம்மதித்தார் என்று ஆகாது. 1862இல் ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கு இப்படித்தான். ‘உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது’ என்று எழுதியவருக்குக் குதிரை கிடைக்கவில்லை. ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் முதல் வருடத்திலேயே படிக்கும் வழக்கு அது.

காசு போவதைவிடப் பெரிய நட்டம் நாட்கள் போவது. மூன்று கடிதங்களுக்கும் இடைவெளி விட்டு அனுப்பி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு மூன்று தவணை நிலுவையில் ஏறிவிடும். உங்கள் கடிதங்களுக்கு வங்கியின் சட்டத்தரணிகள் பதில் எழுதும் செலவையும், மோர்ட்கேஜ் நிபந்தனைகளின்படி உங்கள் கணக்கிலேயே சேர்ப்பார்கள். வீட்டை எடுப்பது கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும் என்று நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் வங்கியைக் கட்டுப்படுத்துகின்றன. தவணையை மாற்றித் தரமுடியுமா என்று அவர்கள் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் ‘நான் கடன்படவேயில்லை’ என்று எழுதிக் கொடுத்தவரோடு என்ன தவணை பேசுவது? உங்களைக் காப்பாற்றும் விதியை நீங்களே கைவிட்ட மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: மோர்ட்கேஜ் பத்திரத்தில் நான் மட்டும்தான் கையெழுத்து வைத்தேன், வங்கி வைக்கவில்லை. 1989ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் இரண்டாம் பிரிவின்படி அது செல்லாது என்கிறார்களே?

பதில்: இந்த வாதத்தில் மட்டும் ஒரு உண்மையான சட்டம் இருக்கிறது, அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். இரண்டாம் பிரிவு, நிலத்தை ‘இனிமேல்’ விற்பேன், ஈடு வைப்பேன் என்கிற ஒப்பந்தத்துக்கு. அதில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். உங்கள் பத்திரம் அந்த நிமிடமே வீட்டை ஈடு வைத்த உறுதிப்பத்திரம். அது முதலாம் பிரிவில் வரும்: ஈடு வைப்பவர் சாட்சிக்கு முன்னால் கையெழுத்திட்டால் போதும். 2011இல் ஹெல்டன் எதிர் ஸ்ட்ராத்மோர் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சாட்சி உண்மையிலேயே அருகில் இருக்கவில்லை, அல்லது கையெழுத்தே உங்களுடையது இல்லை என்றால் அது வேறு விடயம். அதற்குச் சட்டத்தரணியைப் பாருங்கள்.

கேள்வி: பேனா மையால் கையெழுத்திட்ட அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், பலன் இல்லை. பதிவு செய்யப்பட்ட வீட்டுக்குக் காணிப் பதிவகத்தின் பதிவேடுதான் சான்று. 2002ஆம் ஆண்டுக் காணிப் பதிவுச் சட்டப்படி பதிவகம் தரும் அதிகாரபூர்வப் பிரதி அசலுக்குச் சமமாக ஏற்கப்படும்.

கேள்வி: வங்கி காசை அந்தரத்தில் உண்டாக்குகிறது என்று நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியே எழுதியிருக்கிறதே? அப்படியானால் எனக்கு எதைக் கடன் தந்தார்கள்?

பதில்: 2014இல் இங்கிலாந்து வங்கி எழுதியது சரிதான்: கடன் கொடுக்கும்போது புதிய வைப்பு உருவாகிறது. ஆனால் அந்த வைப்பு வீட்டை விற்றவரின் கணக்குக்குப் போனது, அவர் உங்களுக்குச் சாவி தந்தார். நீங்கள் பெற்றது வீடு. அதற்கு ஈடாகத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தீர்கள். நீதிமன்றம் பார்ப்பது அந்த வாக்கை.

இதோடு சேர்த்து அமெரிக்காவின் ‘கிரெடிட் ரிவர்’ வழக்கையும் காட்டுவார்கள். 1968இல் மினசோட்டாவில் ஒரு சமாதான நீதவான் முன்னால் கடன் வாங்கியவர் வங்கியை வென்றது உண்மை. அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. அங்கே வாதாடிய, கடன் வாங்கியவரே ஒரு சட்டத்தரணி. பின்னால் அவருடைய தொழில் உரிமமும் பறிபோனது. கதையின் முதல் பாதியை மட்டும் சொல்லிக் காசு வாங்குகிறார்கள்.

கேள்வி: என் கடனை வங்கி முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டது. இனி வழக்குப் போட உரிமை உண்டா?

பதில்: உண்டு. பதிவேட்டில் ஈட்டுரிமையாளராக யார் பெயர் இருக்கிறதோ அவர் வழக்குத் தொடரலாம். 2005இல் பாராகன் எதிர் பெண்டர் வழக்கு இதைத்தான் சொன்னது.

கேள்வி: கடதாசியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிய பெயர் நான் இல்லை, அது வேறு ஆள், இங்கிலாந்தின் பழைய அரச சாசனமான மாக்னா கார்ட்டாவின் 61ஆம் பிரிவு எனக்குப் பாதுகாப்பு என்று சொல்லலாமா?

பதில்: 61ஆம் பிரிவு 1215 சாசனத்தில் இருந்தது, 1216இல் மறுபடி வெளியிட்டபோதே எடுத்துவிட்டார்கள். பெரிய எழுத்துக் கதையைக் கனடாவில் நீதிபதி ஜான் ரூக் 2012இல் மீட்ஸ் எதிர் மீட்ஸ் தீர்ப்பில் 736 பந்திகளில் மற்ற எல்லாக் கதைகளோடும் சேர்த்து நிராகரித்தார்.

கேள்வி: என் மச்சான் கிரெடிட் கார்ட் கம்பனிக்கு ஒரு பவுண் அனுப்பி ஒப்பந்தப் பிரதி கேட்டார். அவர்களால் தரமுடியவில்லை, கடனை விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏன் நடக்காது?

பதில்: நல்ல கேள்வி, குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. அவர் பாவித்தது 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம். அது உண்மையான உரிமை: பிரதி தரும்வரை கார்ட் கடனை நீதிமன்றம் மூலம் வசூலிக்க முடியாது. கடன் அழிவதில்லை, வசூல் மட்டும் நிற்கும். வீடு வாங்க எடுத்த முதல் மோர்ட்கேஜுக்கு அந்த உரிமை பொருந்தாது. கார்ட் கடனில் கண்ட வெற்றியை வீட்டில் பரீட்சித்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: அந்தக் கடிதங்களை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன், அக்காவும் சேர்ந்து கையெழுத்து. மூன்று கிழமையில் வழக்கு. இனி வழி உண்டா?

பதில்: உண்டு, தம்பி. கவனமாகச் செய்யுங்கள்.

வழக்குத் தாளோடு என்11எம் என்ற பதில் படிவம் வந்திருக்கும். அதில் சட்டத் தத்துவம் எதுவும் எழுதாமல் வருமானம், செலவு, ஏன் தவறினீர்கள், மாதம் எவ்வளவு கட்டமுடியும் என்று மட்டும் எழுதுங்கள். 14 நாள் கடந்திருந்தாலும் அனுப்புங்கள். வங்கிக்கும் ஒரு வரி: ‘முன்னைய கடிதங்களை மீட்டுக்கொள்கிறேன், தவணை பேச விரும்புகிறேன்.’

நீதிபதியிடம் கேட்கவேண்டியது 1970ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டத்தின் 36ஆம் பிரிவு. நியாயமான காலத்துக்குள் நிலுவையை அடைப்பீர்கள் என்று தெரிந்தால், வீட்டை எடுக்கும் கட்டளையை அவர் இடைநிறுத்தலாம். 1996 நோர்கன் வழக்குக்குப் பிறகு அந்தக் காலம் மோர்ட்கேஜில் மிச்சமிருக்கும் முழுக் காலமாகவும் இருக்கலாம். கணக்கைப் பாருங்கள்: நிலுவை 9,000 பவுண், மிச்சம் 15 வருடம் என்றால் 180 மாதம். வழக்கமான தவணைக்கு மேல் மாதம் 50 பவுண். ஆனால் வழக்கமான தவணையை இப்போதே கட்டத் தொடங்கியிருக்க வேண்டும்; ஒரு மாதம் கட்டிய பற்றுச்சீட்டு பத்துப் பக்க வாதத்தைவிட எடையுள்ளது. மூன்று மாதச் சம்பளச் சிட்டை, வங்கிக் கூற்று, செலவுப் பட்டியல் மூன்று பிரதி எடுத்துப் போங்கள்.

வீட்டை எடுக்கப்போவதாக எழுத்தில் வந்தவுடனேயே, வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கும். ‘ஹவுசிங் லொஸ் பிரிவென்ஷன் அட்வைஸ் சேர்விஸ்’ என்று கேளுங்கள், 2023 ஓகஸ்ட் முதல் இருக்கிறது. வழக்கு நாளிலும் நீதிமன்றத்தில் அவர்களின் ஆள் இருப்பார். கடிதம் எழுதித்தந்தவர் ‘நான் வந்து பேசுகிறேன்’ என்பார். நீதிபதியின் அனுமதியில்லாமல் அவர் உங்களுக்காக வாதாட முடியாது.

கேள்வி: பேலிஃப் (வீட்டை எடுக்க வரும் நீதிமன்ற அலுவலர்) வரும் திகதி வந்துவிட்டது. ஆட்களைத் திரட்டி வாசலில் நின்றால் தடுக்கலாமா?

பதில்: நொட்டிங்ஹாமில் ஒரு வீட்டுக்கு 2015 ஜனவரியில் பெரும் கூட்டம் திரண்டது, பேலிஃப்கள் அன்று திரும்பினார்கள். அந்தக் காணொளியைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். அதே வருடம் ஜூலையில் வீடு எடுக்கப்பட்டது. நீதிமன்ற அலுவலரைத் தடுத்தால் கைதாகவும் நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளாகவும் நேரலாம். உதவிக்கு வந்த பெடியனின் பெயரில் பதிவு விழுந்தால் அவனுடைய வேலைக்கும் விசாவுக்கும் ஆபத்து.

குறைந்தது 14 நாள் முன்னறிவித்தல் தரவேண்டும். அந்த நாட்களுக்குள் என்244 படிவத்தில் இடைநிறுத்தம் கேளுங்கள். மேலே சொன்ன அதே வரவு செலவுக் கணக்கோடு. பூட்டு மாற்றியபின் 36ஆம் பிரிவு உதவாது.

கேள்வி: சாவியைக் கொடுத்துவிட்டால் கடன் முடிந்ததா?

பதில்: இல்லை. விற்கும்வரை வட்டி ஓடும். வித்த காசு போதாவிட்டால் மிச்சத்தைக் கேட்பார்கள்: முதலுக்கு 12 வருடம், வட்டிக்கு 6 வருடம் காலக்கெடு. முடியுமானால் வங்கியின் சம்மதத்தோடு நீங்களே விற்பது நல்லது, ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்கு விலை கூட.

கேள்வி: என் அம்மா தம்பியின் கடைக் கடனுக்காகத் தன் வீட்டை ஈடு வைத்தார். கடதாசியில் என்ன இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஆங்கிலமும் தெரியாது. இதுவும் எடுபடாத வாதமா?

பதில்: இல்லை, இது மெய்யான வாதம். இன்னொருவரின் வியாபாரக் கடனுக்கு வீட்டை ஈடு வைப்பவருக்கு, அவர் தனியாக ஒரு சட்டத்தரணியின் விளக்கம் பெற்றாரா என்று வங்கி உறுதிசெய்ய வேண்டும். 2001இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, எற்றிட்ஜ் வழக்கில் அதற்கான படிகளை வகுத்தது. தம்பி அம்மாவை நெருக்கினாரா, கையெழுத்து வைத்த நாளில் யார் யார் இருந்தார்கள், யார் மொழிபெயர்த்தார், சட்டத்தரணியை அம்மா தனியாகச் சந்தித்தாரா என்பதையெல்லாம் திகதியோடு இன்றே எழுதிவையுங்கள். வங்கியிடமும் அந்தச் சட்டத்தரணியிடமும் கோப்பின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். இப்படி ஒருவர் தன்னைப் பற்றிய தகவலைக் கேட்கும் தனிநபர் தரவுக் கோரிக்கைக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். தம்பி உங்களோடு வரவேண்டாம். அம்மாவுக்கென்று தனிச் சட்டத்தரணி வேண்டும், வழக்குத் திகதிக்கு முன்னால்.